முதலில் வந்த படகு ஏன் ஃபைனலில் இல்லை? படகுப் போட்டியின் பிரிவுகளும் தொடக்க வரிசையும்

சிங்கப்பூரின் காலாங் படுகையில் படகுப் போட்டி நடக்கும் நாளில் கரையோரம் நின்றால் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும். "மாமா, அண்ணனோட படகுதானே முதல்ல வந்துச்சு? அப்புறம் ஏன் ஃபைனல்ல அவங்க பேரே இல்லை?" கேட்கப்பட்ட மாமா செல்பேசியில் அட்டவணையைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஏதோ டைமிங் பார்ப்பாங்களாம்டா" என்று சொல்லி முடித்துவிடுவார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த டைமிங்குக்கு முன்பே இரண்டு முடிவுகள் எடுத்தாகிவிட்டன. எந்தக் குழு எந்தக் குழுவோடு மோதலாம் என்பது ஒன்று. எந்தப் படகு எந்த இடத்திலிருந்து, எப்போது கிளம்பலாம் என்பது இன்னொன்று.

முதலாவதைப் பிரிவு என்பார்கள், இரண்டாவதைத் தொடக்க வரிசை. பிரிவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். தொடக்க வரிசையை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. குழுக்களின் உழைப்பு வீணாவதும் பலன் தருவதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது இடத்தில்தான் என்பது என் கருத்து. அதிலும் சிங்கப்பூர் மாதிரி, மாணவர் குழுக்களும் நிறுவனக் குழுக்களும் நிறைந்த ஊரில் அதை இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும்.

இங்கே படகுப் போட்டி என்றால் இரண்டு விளையாட்டு. பண்டான் நீர்த்தேக்கத்தில் பார்ப்பது ஒரு வகை: நீண்டு மெலிந்த படகு, சறுக்கும் இருக்கை, போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, படகோடு பிணைத்த துடுப்பை வலிப்பார்கள். ஒலிம்பிக்கில் இருப்பது இதுதான்; இங்கே துடுப்புப் படகு என்று சொல்லப்போவது இதைத்தான். 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் போன சையிதா ஆயிஷா, இந்த விளையாட்டில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் சிங்கப்பூரர். அவருக்குப் பின் தாதியான ஜோன் போ தோக்கியோவுக்குப் போனார். காலாங்கிலும் பிடோக் நீர்த்தேக்கத்திலும் பார்ப்பது மற்ற வகை, டிராகன் படகு. முன்னோக்கி உட்கார்ந்து, எதிலும் பிணைக்காத துடுப்பைக் கையில் பிடித்து, முரசுச் சத்தத்துக்கு ஏற்ப ஒன்றாகப் போடுவார்கள். பெரிய படகில் 20 பேர் துடுப்பு போட, முன்னால் முரசு அடிப்பவர், பின்னால் சுக்கான் பிடிப்பவர் என்று 22 பேர். சின்னப் படகில் 10 பேரும் அந்த இருவரும். இரண்டு விளையாட்டுக்கும் விதிகள் வேறு, விதிக்குப் பின்னால் இருக்கும் யோசனை ஒன்றேதான்.

யார் யாரோடு

பிரிவு பிரிப்பதில் முதல் கோடு படகின் அளவு. ஒருவர், இருவர், நால்வர், எண்மர் என்று போகும் துடுப்புப் படகுகளில், ஆளுக்கு இரண்டு துடுப்பா ஒரு துடுப்பா என்பதும் சேர்ந்துகொள்ளும். அடுத்த கோடு ஆண், பெண், கலப்பு. டிராகன் படகில் ஆண்கள் பிரிவு என்று பெரும்பாலும் சொல்வதில்லை, 'ஓப்பன்' என்பார்கள். பெயருக்கு ஏற்றபடி அதில் பெண்களும் ஏறலாம்.

கலப்புப் பிரிவில்தான் விதி சுவாரஸ்யமாகிறது. அனைத்துலக டிராகன் படகுச் சம்மேளனத்தின் கணக்குப்படி 20 பேர் படகில் இருபாலரிலும் குறைந்தது 8 பேர் இருக்க வேண்டும். 10 பேர் படகில் குறைந்தது 4. உள்ளூர்ப் போட்டிகளில் எண்ணிக்கை கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம், ஆனால் ஓர் அடிமட்ட எண் கட்டாயம் இருக்கும். அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்: பேருக்கு இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு "நாங்களும் கலப்புதான்" என்று ஒரு குழு வந்து நிற்கும். எட்டுப் பேர் என்று எழுதிவிட்டால், ஆண்டு முழுவதும் எட்டுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும். மாற்று ஆட்கள் பட்டியலிலும் பெண்கள் வேண்டும். ஏனென்றால் போட்டியன்று காலையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அந்த இடத்தில் எவ்வளவு பலசாலியான ஆணை உட்கார வைத்தாலும் பயனில்லை. எட்டாவது பெண் இல்லாத படகு கலப்புப் படகே இல்லை. இப்படி ஒரே ஓர் எண் ஒரு குழுவின் ஓராண்டுப் பழக்கத்தை மாற்றிவிடுகிறது. எனக்குப் பிடித்த விதி இது.

வயது விஷயத்தில் இரண்டு விளையாட்டும் வேறு வேறு வழியில் போகின்றன. டிராகன் படகில் மூத்தோர் பிரிவு என்றால் 40, 50, 60 என்று தெளிவான கோடுகள். 40 பிரிவில் துடுப்பு போட 38 வயதுக்காரர் ஏற முடியாது. துடுப்புப் படகில் மாஸ்டர்ஸ் என்ற பிரிவுக்குச் சராசரி வயதுதான் கணக்கு. அந்த ஆண்டில் 27 வயதை எட்டும் எவரும் மாஸ்டர்ஸ். அப்புறம் குழுவின் சராசரியைப் பார்த்து எழுத்து கொடுப்பார்கள்: 27 என்றால் ஏ, 36 பி, 43 சி, 50 டி, 55 இ, 60 எஃப், 65 ஜி என்று மேலே போகும். சுக்கான் பிடிப்பவரின் வயது சேராது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நால்வர் படகில் 61, 52, 47, 44 வயதுக்காரர்கள். கூட்டினால் 204, சராசரி 51. டி பிரிவு. 61 வயதுக்காரருக்கு முட்டி வலி, அவருக்குப் பதில் 38 வயதுத் தம்பி ஒருவர் ஏறுகிறார். கூட்டுத்தொகை 181, சராசரி 45 சொச்சம். குழு சி பிரிவுக்கு இறங்கிவிட்டது. இளைஞர் வந்ததால் படகுக்கு வேகம் கூடும், ஆனால் மோதவேண்டிய எதிராளிகளும் இளையவர்கள். லாபமா நஷ்டமா என்பதைக் குழுத் தலைவர் பெயர் கொடுப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டும். தனி வரம்பைவிடச் சராசரி முறை மேல் என்றே சொல்வேன். அப்பாவும் மகளும் ஒரே படகில் ஏற அது இடம் கொடுக்கிறது. மூத்த ஒருவர் ஓய்வெடுத்தால் மொத்தக் குழுவும் கலைந்துவிடுவதில்லை.

எடைப் பிரிவைச் சொல்லாமல் போக முடியாது. துடுப்புப் படகில் 'லைட்வெயிட்' என்று ஒன்று பல காலம் இருந்தது. ஆண்கள் 72.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, குழுவின் சராசரி 70. பெண்களுக்கு 59, சராசரி 57. உயரமும் பாரமும் உள்ளவர்கள் ஆதிக்கம் செலுத்தும் விளையாட்டில் சிறிய உடல்வாகுள்ள நாடுகளுக்கும் இடம் வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். 2024 பாரிஸோடு ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். நம் மாதிரி ஆசிய நாடுகளுக்கு இது இழப்பு என்று சொல்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எடை பார்ப்பது பந்தயத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பு. அதற்காக முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல், கனத்த சட்டை போட்டு ஓடி வியர்வையாக இறக்குவது பழக்கமாகிவிட்டது. சிங்கப்பூர் புழுக்கத்தில் அப்படிச் செய்யும் ஒரு பிள்ளையைப் பார்த்த யாரும் அந்தப் பிரிவுக்காக ரொம்ப வருத்தப்பட மாட்டார்கள். போதாததற்கு, ஒலிம்பிக்கில் லைட்வெயிட் இருந்த காலத்திலும் தனியாள் படகுக்கு அந்தப் பிரிவு கிடையவே கிடையாது. சையிதா போனது எடை வரம்பில்லாத பிரிவில், தன்னைவிட உயரமானவர்களோடு மோதித்தான்.

எடை இன்னொரு இடத்தில் இன்னும் இருக்கிறது. துடுப்புப் படகில் சுக்கான் பிடிப்பவர், அதாவது காக்ஸ், துடுப்பு வலிப்பதில்லை. மற்றவர்கள் இழுத்துச் செல்லும் பாரம். ஆகவே எல்லாக் குழுவும் முடிந்தவரை ஒல்லியான ஆளைத் தேடும். அதைத் தடுக்கக் குறைந்தபட்சம் 55 கிலோ என்று வைத்திருக்கிறார்கள். 48 கிலோ உள்ள பெண் காக்ஸ் என்றால் மீதி 7 கிலோவுக்கு மணல்மூட்டை. அதையும் அவருக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். 15 கிலோவுக்கு மேல் மூட்டை ஏற்ற விடமாட்டார்கள். பந்தயம் முடிந்து கரைக்கு வரும்போது அதிகாரி அந்த மூட்டையை மறுபடி தராசில் வைத்துப் பார்க்கலாம். ஈர மணல் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி ஒரு மாணவி வரிசையில் நிற்பதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவுகள் உடலின் எந்தப் பகுதியை வலிக்கப் பயன்படுத்த முடியும் என்பதைப் பொறுத்தவை: தோளும் கையும் மட்டும், இடுப்போடு சேர்த்து, கால்களும் சேர்த்து என்று மூன்று. டிராகன் படகில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு, உலக அளவில் பெரிய கூட்டம் அது. உள்ளூரில் இவற்றோடு பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம், நிறுவனம், சமூக மன்றம், புதியவர்கள் என்று ஏற்பாட்டாளர்கள் தங்கள் வசதிக்கு ஏற்பச் சேர்ப்பார்கள். புதியவர் பிரிவில் மட்டும் வரையறையைக் கவனமாகப் படிக்க வேண்டும். 'முதல் ஆண்டு' என்பது அந்தக் குழுவுக்கா, படகில் இருக்கும் ஒவ்வொருவருக்குமா என்பதில்தான் புகார்கள் தொடங்கும்.

ஆறு லேன், ஒரே கோடு

இப்போது தொடக்க வரிசைக்கு வரலாம். நம் ஊரில் அதிகம் பார்ப்பது பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் கிளம்பும் முறை. பெரும்பாலும் ஆறு லேன். குழுக்கள் ஆறுக்கு மேல் இருந்தால் தகுதிச் சுற்று, தோற்றவர்களுக்கு மறுவாய்ப்புச் சுற்று, அரையிறுதி, இறுதி. முதல் சுற்றில் யார் எந்த லேன் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். பலமான குழுக்கள் ஒரே சுற்றில் மோதி வெளியேறிவிடாமல் இருக்க அவற்றை முன்கூட்டியே பிரித்து வைப்பதும் உண்டு. அடுத்த சுற்றிலிருந்து முந்தின முடிவுதான் லேனைத் தீர்மானிக்கும். நன்றாக வந்தவர்களுக்கு நடு லேன்கள், அடுத்தவர்களுக்கு ஓரம்.

நடு லேனில் என்ன விசேஷம்? இரண்டு பக்கமும் எதிராளி எங்கே இருக்கிறான் என்று தெரியும். கரைச் சுவரில் மோதித் திரும்பும் அலை ஓர லேனைத்தான் முதலில் தட்டும். எண்மர் படகு 17 மீட்டருக்கு மேல் நீளம், ஆனால் வெறும் படகின் குறைந்தபட்ச எடை 96 கிலோதான். தனியாள் படகு 14 கிலோ. இவ்வளவு லேசான பொருளுக்கு ஒரு சின்ன அலையும் பெரிய விஷயம். டிராகன் படகு கனமானது, அது தாங்கும் என்று நினைக்கலாம். ஆனால் அதன் பக்கச் சுவர் உயரம்; குறுக்குக் காற்று அதைத் தள்ளும்.

குறுக்குக் காற்று ஒரே பக்கமிருந்து வீசி, ஒரு கரைப்பக்க லேன் மட்டும் மறைவாக இருந்தால் என்ன செய்வது? உலகப் போட்டிகளில் இதற்கென்று நியாயக் குழு ஒன்று இருக்கும். அது பந்தயத்தைத் தள்ளிவைக்கலாம். அதற்கு நேரம் இல்லையென்றால், முந்தின சுற்றில் நன்றாக வந்தவர்களுக்கு மறைவான லேனைக் கொடுக்கலாம். கேட்பதற்கு "பணக்காரனுக்கே பரிசும்" என்பது போல இருக்கும். ஆனால் யாருக்காவது அந்த நல்ல லேன் போய்த்தான் ஆக வேண்டும். சீட்டுப் போட்டால் அதிர்ஷ்டம், இப்படிக் கொடுத்தால் உழைத்துச் சம்பாதித்தது. அந்த வகையில் இது சரி என்றே படுகிறது. முந்தின சுற்றில் அடக்கி வாசிக்காமல் முழு பலத்தோடு வலிக்கவும் ஒரு காரணம் கிடைக்கிறது.

கோட்டில் நிற்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களைக் கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி தெரியும். கலப்புக் குழு ஒன்றில் துடுப்பு போடுபவன் என்ற முறையில் சொல்கிறேன், அதுதான் மிக நீளமான நேரம். வரிசை பார்க்கும் அதிகாரி ஒலிபெருக்கியில் லேன் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பார்: மூன்று, கொஞ்சம் பின்னால், ஐந்து, முன்னால் வா, மூன்று, நில். ஒரு படகு சரியாகும்போது காற்று இன்னொன்றைத் திருப்பிவிடும். சுக்கான் பிடிப்பவர் பின்னால் நின்றபடி இடது பக்கம் முதல் இரண்டு பேரை மட்டும் ஒரு துடுப்பு போடச் சொல்வார். மூக்கு நேராகும், ஆனால் படகு அரை அடி முன்னால் போய்விடும். மறுபடி பின்னால். இதற்குள் துடுப்பைத் தண்ணீருக்குள் முக்கிக் குனிந்து காத்திருக்கும் இருபது பேருக்கும் தோள் மரத்துவிடும். தயாரா என்று கேட்கும்போது ஒரு படகு இன்னும் கோணலாக இருந்தால், முரசு அடிப்பவர் தலைக்கு மேல் கையை ஆட்டிக் காட்டலாம். அப்புறம் "கவனம்", உடனே ஹாரன். 500 மீட்டர் டிராகன் படகுப் பந்தயம் தேர்ந்த குழுவுக்கு இரண்டு நிமிடம் சொச்சம்தான். கோணலாகக் கிளம்பிய படகு அதைச் சரிசெய்ய எடுத்துக்கொள்ளும் இரண்டு வினாடியைத் திரும்பப் பிடிக்க அதில் இடமில்லை.

துடுப்புப் படகில் கொஞ்சம் வேறு. படகின் பின்முனையை ஒருவர் மேடையில் படுத்துப் பிடித்திருப்பார். இரண்டு நிமிடம் இருக்கும்போது எல்லாரும் அந்தப் பிடிக்குள் வந்திருக்க வேண்டும். தொடங்கி வைப்பவர் குழுக்களின் பெயரை வரிசையாகச் சொல்லி, "கவனம்" என்று சொல்வார். சிவப்பு விளக்கு, ஒரு சின்ன இடைவெளி, பச்சை. இடைவெளி எவ்வளவு என்பது ஒவ்வொரு முறையும் மாறும், ஊகித்துக் கிளம்பக்கூடாது என்பதற்காகவே. முந்திக் கிளம்பினால் மஞ்சள் அட்டை. அதே பந்தயத்தில் இரண்டாவது மஞ்சள் என்றால் வெளியே. கோட்டுக்குத் தாமதமாக வந்தாலும் ஒரு மஞ்சள் கிடைக்கும். ஆக, தாமதமாக வந்த குழு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கையைச் சுமந்துகொண்டுதான் பந்தயத்தைத் தொடங்குகிறது. பச்சை வரும்போது கை கொஞ்சம் தயங்கும்.

அண்ணன் படகுக்கு என்ன ஆனது

இறுதிச் சுற்றுக்கு ஆளெடுப்பதில் இரண்டு வழி. ஒவ்வொரு தகுதிச் சுற்றிலும் முதல் ஒருவர் அல்லது இருவர் என்று இடத்தைப் பார்த்து எடுப்பது ஒன்று. எல்லாச் சுற்றையும் சேர்த்து மிகக் குறைந்த நேரம் எடுத்தவர்களைப் பொறுக்குவது மற்றது. அண்ணனின் படகு தன் சுற்றில் முதலில் வந்தும் ஃபைனலில் இல்லையென்றால் அது இரண்டாவது வகைப் போட்டி. இன்னொரு சுற்றில் மூன்றாவதாக வந்த படகு அண்ணனைவிட வேகமாக வந்திருக்கலாம்.

கேரளத்தின் படகுப் பந்தயமான வள்ளங்களி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 1952இல் நேரு ஆலப்புழைக்கு வந்ததையொட்டித் தொடங்கிய நேரு கோப்பைப் பந்தயத்திலும் சுண்டன் வள்ளம் எனும் நீண்ட படகுகளின் இறுதிக்கு ஹீட்ஸ், அதாவது தகுதிச் சுற்று, நேரத்தைப் பார்த்துத்தான் நான்கு படகை எடுக்கிறார்கள். அங்கேயும் தன் ஹீட்ஸில் ஜெயித்த கிராமம் ஃபைனலுக்குப் போகாமல் நிற்பதும் அதைப் பற்றி வாக்குவாதம் நடப்பதும் உண்டு.

நேரத்தைப் பார்த்து எடுப்பது நியாயமாகத் தோன்றும், வேகமானவர் போகட்டுமே என்று. சிக்கல் காற்றில் இருக்கிறது. காலை எட்டு மணிச் சுற்றில் தண்ணீர் கண்ணாடி மாதிரி. பதினொரு மணிச் சுற்றில் எதிர்க்காற்று. இரண்டு நேரத்தையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிட்டால், சீட்டுக் குலுக்கலில் முதல் சுற்று விழுந்தவர்களுக்கு லாபம். இடத்தைப் பார்த்து எடுத்தால் ஒரே காற்றில் ஒரே தண்ணீரில் மோதியவர்களை மட்டும் ஒப்பிடுகிறோம். கூடுதல் சுற்றுகள் தேவைப்படும், நேரம் பிடிக்கும். நேரம் இருக்கிற இடத்தில் இடம்தான் நல்ல அளவுகோல்.

சிங்கப்பூரில் நேரம்தான் பிரச்சினை. 2008இல் மரினா அணைக்கட்டு முடிந்த பிறகு காலாங் படுகையும் மரினா விரிகுடாவும் நீர்த்தேக்கமாகிவிட்டன. கடல் ஏற்ற இறக்கம் உள்ளே வருவதில்லை, நீரோட்டம் ஒரு லேனுக்கு உதவி இன்னொன்றைத் தடுக்கும் கதை இல்லை. 2010 இளையர் ஒலிம்பிக்கில் மரினாவில் 1000 மீட்டர்ப் பந்தயம் நடத்த முடிந்ததும், 2015 தென்கிழக்காசிய விளையாட்டின் படகுப் போட்டிகளை அங்கே நடத்தியதும் அதனால்தான். தண்ணீர் அடங்கிவிட்டது, வானம் அடங்கவில்லை. மதியத்துக்கு மேல் இடி எப்போது வேண்டுமானாலும் வரலாம். மின்னல் எச்சரிக்கை, நம் பிள்ளைகள் 'கேட் 1' என்று சொல்வது, வந்துவிட்டால் எல்லாப் படகும் கரைக்குத் திரும்ப வேண்டும். ஒன்றரை மணி நேரம் போய்விட்டால் ஏற்பாட்டாளர்கள் அரையிறுதியை வெட்டிவிட்டு, தகுதிச் சுற்று நேரத்தை வைத்து நேராக ஃபைனல் நடத்துவதைத் தவிர வேறு வழி இல்லை. அது குற்றமில்லை. ஆனால் 'சுற்று குறைந்தால் எதை வைத்து எடுப்போம்' என்பது முதல் படகு தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். மழை நின்ற பிறகு கூடாரத்துக்குள் முடிவெடுத்தால், அது எவ்வளவு நேர்மையான முடிவாக இருந்தாலும் வெளியேறிய குழு ஏற்றுக்கொள்ளாது.

ஒன்றன்பின் ஒன்றாக

ஆறு லேன் போட அகலம் இல்லாத இடத்தில், அல்லது குழுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது, படகுகளை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்பி நேரம் பார்க்கும் முறை இருக்கிறது. லண்டனில் தேம்ஸ் நதியில் 1926 முதல் நடக்கும் பந்தயம் இதில் புகழ்பெற்றது. மார்ட்லேக்கிலிருந்து பட்னி வரை சுமார் 6.8 கிலோமீட்டர், ஏறக்குறைய 400 எண்மர் படகுகள். கடல் ஏற்ற இறக்கம் உள்ள நதி, இறக்கத்தோடு போக வேண்டும், அதற்குள் அத்தனை படகும் கடந்தாக வேண்டும். ஆகவே ஊர்வலம்தான் வழி. பாஸ்டனில் சார்ல்ஸ் நதிப் பந்தயத்தில் இடைவெளி சுமார் 15 வினாடி. டிராகன் படகு உலகப் போட்டிகளின் 2000 மீட்டரும் இப்படித்தான், திருப்பங்களோடு.

இங்கே யார் முன்னால் போவது என்பது மரியாதை விஷயமாகத் தெரியலாம். உண்மையில் அது இடப்பங்கீடு. 18 நிமிடத்தில் முடிக்கும் படகு ஒன்று, 19 நிமிடத்தில் முடிக்கும் படகு ஒன்று. மெதுவானதை முன்னால் விட்டு 15 வினாடி கழித்து வேகமானதை அனுப்பினால், தூரத்தின் கால் பகுதியிலேயே பின்னது முன்னதைப் பிடித்துவிடும். பிறகு ஒரு வளைவில், பாலத்துக்கடியில், துடுப்போடு துடுப்பு இடிக்கும் முந்தல். முந்த விடாமல் மறித்தால் மெதுவான படகுக்கு நேரத் தண்டனை உண்டு. ஆனால் வேகமான படகு இழந்த தாளம் திரும்பி வராது. வேகமானதை முன்னால் விட்டால் இடைவெளி கூடிக்கொண்டே போகும், முடிவில் 75 வினாடி. யாரும் யாரையும் தொடவில்லை. கரையில் நிற்பவர் 75 வினாடி வித்தியாசம் என்று நினைப்பார், பலகையில் 60 என்று இருக்கும். அதே மாதிரி பத்தாவதாகக் கிளம்பி எட்டாவதாக வந்த படகு கோப்பையைத் தூக்கலாம். இந்த வகைப் பந்தயத்தில் வந்து சேரும் வரிசையைப் பார்த்துக் கைதட்டுவதில் அர்த்தமில்லை. கிளம்பியதற்கும் வந்ததற்கும் இடையே எத்தனை படகைத் தாண்டியது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானது ஹாண்டிகேப் முறை. வெவ்வேறு வயதுப் பிரிவுகளைச் சேர்த்து ஓட விடும்போது, மூத்தவர்களுக்குச் சில வினாடி முன்னதாகத் தொடக்கம் கொடுப்பார்கள், அல்லது முடிவில் நேரத்தைக் கழிப்பார்கள். முன்னதாகக் கிளம்ப விட்டால் கோட்டில் முதலில் வந்தவரே ஜெயித்தவர், பார்ப்பதற்கும் நன்றாக இருக்கும். முடிவில் கழித்தால் கணக்குத் துல்லியம், ஆனால் பலகை வரும் வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது.

சரி, வேகமானவர் முன்னால் என்றால், யார் வேகமானவர் என்று முன்கூட்டி எப்படித் தெரியும்? பெரும்பாலும் சென்ற ஆண்டு முடிவை வைத்து. தேம்ஸிலும் சார்ல்ஸிலும் அப்படித்தான். புதிதாக வருபவர்கள் பின்னால். இதன் உச்சம் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் 'பம்ப்ஸ்'. அங்கே ஆறு ஒடுக்கம், இரண்டு படகு பக்கத்தில் ஓட இடமில்லை. ஆகவே ஒன்றரைப் படகு நீள இடைவெளியில் வரிசையாக நிறுத்தி, ஒரே நேரத்தில் கிளப்பி, முன்னால் இருப்பதைத் தொட்டால் மறுநாள் அதன் இடம் உனக்கு என்று விட்டுவிடுகிறார்கள். இவ்வாண்டு முடிந்த இடத்திலிருந்துதான் அடுத்த ஆண்டு தொடக்கம். அடியில் இருக்கும் கல்லூரி உச்சிக்கு வரப் பல தலைமுறை மாணவர்கள் வேண்டும். இருநூறு ஆண்டு மரபுள்ள இடத்தில் அது அழகு.

நம் ஊருக்கு அது பொருந்தாது என்பேன். இங்கே தொடக்கக் கல்லூரியில் படிப்பு இரண்டு ஆண்டு, பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று. படித்து முடித்த கையோடு பையன்கள் தேசிய சேவைக்குப் போய்விடுவார்கள். நிறுவனக் குழுக்களில் வேலை மாறுகிறவர்கள் அதிகம். சென்ற ஆண்டு இரண்டாவதாக வந்த படகில் இருந்த பாதிப் பேர் இந்த ஆண்டு அந்தச் சட்டையைப் போட்டிருக்க மாட்டார்கள். அந்த முடிவை வைத்து இந்த ஆண்டு வரிசை போட்டால், துடுப்பு போடும் ஆட்களுக்குப் பதிலாகச் சட்டைக்கு இடம் கொடுக்கிறோம். முதல் முறையாக நல்ல குழுவைத் தயார் செய்துகொண்டு வரும் ஒரு சமூக மன்றம் பின்வரிசையில் மெதுவான படகுகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, முந்த முந்த நேரத்தை இழக்கும். அன்று காலையே ஒரு குறுகிய தூர நேரச் சுற்று வைத்து அதை வைத்து வரிசை போடுவது, அல்லது முதல் சுற்றை வெளிப்படையான சீட்டுக் குலுக்கலில் விடுவது, இரண்டில் எதுவானாலும் இங்கே மேல். ஒரு மணி நேரம் கூடுதலாகும். அந்தச் செலவு தகும்.

வெள்ளைக் கொடி வரை

இன்னும் சில நடைமுறை விவரங்கள், குடும்பத்தோடு பார்க்க வருபவர்களுக்கு. அட்டவணையில் ஒரு லேன் காலியாக இருந்தால் அந்தக் குழு விலகிவிட்டது; பெரும்பாலும் மற்ற படகுகளை நகர்த்தாமல் லேனைச் சும்மா விட்டுவிடுவார்கள், முந்தின சுற்றில் சம்பாதித்த இடம் மாறக்கூடாது என்பதற்காக. ஆளை மாற்றுவது தகுதிச் சுற்றுக்கு முன்பு எளிது. துடுப்புப் படகில் பாதிக் குழு வரை மாற்றலாம். தகுதிச் சுற்று முடிந்த பின் மருத்துவக் காரணம் வேண்டும். அந்தக் கட்டத்தில் புது ஆளை ஏற்ற விட்டால், பலமானவர்களை ஃபைனலுக்கென்று ஒளித்துவைக்கும் வேலை தொடங்கிவிடும்.

துடுப்புப் படகுப் பந்தயத்தில் கோட்டைத் தாண்டியதும் கூச்சல் போடுவதற்கு முன் நடுவரின் படகைப் பாருங்கள். வெள்ளைக் கொடி தூக்கினால் பந்தயம் ஒழுங்காக நடந்தது. சிவப்பு என்றால் யாரோ கை தூக்கி ஆட்சேபம் சொல்லியிருக்கிறார்கள், அல்லது நடுவரே எதையோ பார்த்துவிட்டார். ஆட்சேபம் உள்ள குழு தண்ணீரிலேயே, கரைக்கு வருவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். கரையேறிச் சாப்பிட்டுவிட்டு யோசித்துச் சொன்னால் எடுபடாது.

பிரிவிலோ தொடக்க வரிசையிலோ மனக்குறை உள்ள குழுவுக்கு அதற்கும் முன்பே ஓர் இடம் இருக்கிறது: போட்டிக்கு முன் நடக்கும் குழு மேலாளர் கூட்டம். சீட்டுக் குலுக்குவதும் விதிகளை வாசிப்பதும் அங்கேதான். பல குழுக்கள் அதற்கு யாரையாவது அனுப்பி, லேன் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொல்கின்றன. அனுப்பும் ஆளிடம் மூன்று கேள்வி கொடுத்து அனுப்புங்கள். ஃபைனலுக்கு இடம் பார்த்து எடுப்பீர்களா, நேரம் பார்த்தா? கேட் 1 வந்து சுற்று குறைந்தால் எந்த முடிவை எடுத்துக்கொள்வீர்கள்? முதல் சுற்று வரிசை எதை வைத்துப் போடப்பட்டது? மூன்றுக்கும் பதிலை எழுதி வாங்கி வந்து, குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடச் சொல்லுங்கள். கரையில் நிற்கும் மாமாவுக்கும் அது போய்ச் சேரட்டும்.